இருட்டில் எடுத்த படம்

கருவிகளைப் பற்றி, இளம் கண் டாக்டர்களான உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நோயாளி மோவாயை ஒரு தாங்கியில் வைத்தால் போதும். கண்ணைத் தொடாமலே அதன் உள்மூலையைக் குறுக்கே வெட்டிக் காட்டுவதுபோலத் திரையில் காட்டுகிற இயந்திரம் உங்களிடம் இருக்கிறது. போன வாரம் உங்களில் ஒருவர் அதை எனக்குக் காட்டிவிட்டு, "மேடம், உங்க காலத்துல இந்த மூலையை எப்படிப் பார்த்தீங்க?" என்று கேட்டார். சாப்பாட்டு இடைவேளையில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அதனால் எழுதித் தருகிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. திருச்சியில் ஒரு மருத்துவமனையின் கண் பிரிவில் நான் உதவி டாக்டர். எங்களிடம் இருந்தவை கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு ஸ்லிட் லாம்ப், கண் அழுத்தம் பார்க்கும் ஒரு கருவி, எங்கள் தலைமை டாக்டர் வெளிநாட்டில் படித்துத் திரும்பும்போது வாங்கிவந்த லென்ஸ் ஒன்று. அவரைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

கண்ணுக்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஊறிய நீர், முன்னாலிருக்கும் கார்னியாவும் கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸும் சேர்கிற மூலையில் வடிந்துகொண்டே இருக்கிறது. அந்த வடிகால் அடைத்தால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு சாகிறது. இதெல்லாம் உங்களுக்கு முதல் பாடம். ஆனால் அந்த மூலையை வெளியிலிருந்து நேராகப் பார்க்க முடியாது. அங்கிருந்து புறப்படும் ஒளி வெளியே வராமல் கண்ணுக்குள்ளேயே திரும்பிவிடும். கண்ணின் மேல் பெரியவருடைய லென்ஸைப் பொருத்தினால்தான் தெரியும். முதல்முறை பார்த்தபோது, படித்துறையில் குனிந்து தண்ணீருக்கடியில் இருக்கிற கடைசிப் படியைக் கண்டுபிடித்ததுபோல இருந்தது எனக்கு.

ஒரு திங்கட்கிழமை காலை, ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து ராகவாச்சாரி என்பவர் தம் மனைவியை அழைத்துவந்தார். அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மனைவி பெயர் கோமளம். பிறகு எங்கள் எல்லோருக்கும் கோமளம் மாமி.

"சாயங்காலமானா இவளுக்கு ஒத்தைத் தலைவலி. இடது பக்கம். தூங்கி எழுந்தா சரியாயிடறது. பித்தம்னார் ஒருத்தர். கண்ணாடியை மாத்தச் சொன்னார் இன்னொருத்தர். மாத்தியாச்சு. தலைவலி மட்டும் மாறலை" என்றார் வாத்தியார்.

மாமியின் கண்கள் தெளிவாக இருந்தன. சிவப்பு இல்லை. அழுத்தமும் இயல்பு. சாயங்காலம் மட்டும் தொந்தரவு தருகிற எந்தக் கண்ணும் காலை பத்து மணி வெயிலில் இப்படித்தான் இருக்கும். வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"விளக்கைப் பார்த்தா, சுத்தி வானவில் மாதிரி வளையம் ஏதாவது தெரியுதா மாமி?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தப் பதில் வந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. வளையம் தெரியாதவர்கள் "இல்லை" என்று சொல்வதில்லை. "என்ன வளையம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். நோயாளி சொல்கிற பதிலைவிட அதைச் சொல்கிற விதத்தைக் கவனியுங்கள் என்று உங்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். வாத்தியாரைச் சீட்டுப் பதிவு செய்துவர அனுப்பிவிட்டு, மாமியின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே வாய் திறந்தார்.

"யார்கிட்டயும் சொல்லப்படாது. இவர்கிட்டயும்."

"சொல்ல மாட்டேன் மாமி."

"ரெண்டு வருஷமா தெரியறது. சாயங்காலம் பெருமாள் சேவிக்கப் போறச்சே. உள்ளே நெய்விளக்கைச் சுத்தி ஒரு வளையம். உள்பக்கம் நீலம், வெளியில சிவப்பு. பெருமாள் திருமுகத்துக்கு நேரே நிக்கறது. பக்கத்துல சேவிக்கறவாளை எல்லாம் ஜாடையா விசாரிச்சுட்டேன். யாருக்கும் தெரியலை. நான் என்ன பெரிய பக்தையா, சொல்லுங்கோ. பாசுரம் பத்து கூட முழுசா வராது. ஆனாலும் எனக்குக் காட்டறார்."

"தலைவலி?"

"அது நான் குடுக்கற காணிக்கைன்னு வெச்சுண்டேன்."

நோயின் பெயர் எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மூலை பிறவியிலேயே குறுகலாக அமைந்த கண். இருட்டில் கண்மணி விரியும்போது ஐரிஸ் மடிந்து வடிகாலை அடைக்கிறது. நீர் தேங்கி கார்னியா வியர்த்த கண்ணாடிபோல் ஆகிறது. அதன் வழியாக விளக்கைப் பார்த்தால் வளையம் தெரியும். கோயிலின் உள் இருட்டில் தினமும் இது நடந்திருக்கிறது. வீட்டுக்குப் போய்த் தூங்கினால் கண்மணி சுருங்கி எல்லாம் திறந்துகொள்ளும். ஒருநாள் திறக்காமல் போனால் கண் போய்விடும்.

ஆனால் லென்ஸை வைத்துப் பார்த்தபோது மூலை குறுகலாக இருந்தது, மூடியிருக்கவில்லை. பெரியவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வளைய விஷயத்தை நோயாளியின் பெயர் சொல்லாமல் சொன்னேன்.

"கதையை வெச்சுக்கிட்டு நல்லாப் பார்வை தெரியற கண்ணுல கத்தி வைக்க முடியாது. மூலை மூடறதை நீ பார்த்தியா?" என்று கேட்டார்.

"இல்லை சார்."

"பார்த்துட்டு வா. அதுவரைக்கும் கண்மணியைச் சுருக்கற சொட்டு மருந்து விடு."

கோபம் வந்தது. வராந்தாவில் இரண்டு முறை நடந்தபோது அவர் கேட்டது நியாயம் என்று தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. நான் பார்க்கிற வெளிச்சமே கண்மணியைச் சுருக்கி அந்த மூலையைத் திறந்துவிடுகிறது. வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்கிற பிள்ளை மாதிரி. நான் எப்போது போய்ப் பார்த்தாலும் அது ஒழுங்காகத்தான் இருக்கும். வெளிச்சம் இல்லாமல் பார்க்கவும் முடியாது. அப்படியானால் கண் சுதாரிப்பதற்குள் மின்னி மறைகிற வெளிச்சம் வேண்டும்.

இப்படித்தான் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த காதர் பாயைத் தேடிப் போனேன். எங்கள் வார்டு நர்ஸ் ஆக்னஸ் சிஸ்டரின் தங்கை கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"மாப்பிள்ளை கண்ணை மூடாம ஒரு படம் எடுக்கறதுக்கே நான் படாத பாடு படுறேன் டாக்டரம்மா. நீங்க கண்ணுக்கு உள்ளார எடுக்கச் சொல்றீங்க."

மறுநாள் கேமராவும் எலெக்ட்ரானிக் ஃபிளாஷும் தோளில் தொங்க வந்து நின்றார். நோயாளியைப் படுக்கவைத்து, மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, லென்ஸைப் பொருத்தி, மேலிருந்து கேமராவைத் தொங்கவிட வேண்டும். முதலில் ஆக்னஸ் சிஸ்டர் படுத்தார், பிறகு நான். வாரக்கணக்கில் ஒன்றும் தேறவில்லை. லென்ஸின் மேல் ஃபிளாஷ் பட்டுத் தெறித்த வெள்ளைக் கீற்றுதான் ஒவ்வொரு படத்திலும் விழுந்தது. "பிறை நல்லா விழுந்திருக்கு. நோன்புப் பெருநாளுக்கு வெச்சுக்கலாம்" என்று படத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, மறுபடி ஃபிளாஷைச் சாய்த்துக் கட்டப் போய்விடுவார். ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டதில்லை. இருட்டில் ஃபோகஸ் செய்ய அவருடைய ஸ்டுடியோ இருட்டறையின் சிவப்பு விளக்கைக் கேட்டு வாங்கினேன். மங்கிய சிவப்பு வெளிச்சத்துக்குக் கண்மணி அவ்வளவாக அசைவதில்லை. அதற்குப் பிறகுதான் பிறை ஒதுங்கி மூலை தெரிய ஆரம்பித்தது.

மாமியிடம், சோதனைக்காகச் சில நாள் சொட்டு மருந்தை நிறுத்தச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். மருந்து விட ஆரம்பித்ததிலிருந்து வளையம் வரவில்லையாம்.

குறித்த நாளில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்த அறையில் மாமி ஒரு மணி நேரம்போல இருந்தார். பிறகு சிவப்பு விளக்கு, லென்ஸ், ஒரு மின்னல். உடனே அழுத்தம் பார்த்தேன், நன்றாக ஏறியிருந்தது. விளக்கைப் போட்டு, மருந்து விட்டு, இறங்கிய பிறகு இன்னொரு படம். மறுநாள் காதர் பாய் இரண்டையும் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் படத்தில் ஐரிஸ் போய்க் கார்னியாவின் சுவரில் ஒட்டியிருந்தது. இரண்டாவதில் நடுவே நூல்போல ஒரு சாம்பல் கோடு. அதுதான் வடிகால்.

"இது சாத்தின கதவு, இது திறந்த கதவு. எனக்கே தெரியுதுங்களே" என்றார்.

பெரியவர் இரண்டையும் வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஆபரேஷனுக்கு எழுது. சின்ன ஓட்டை ஒண்ணு போட்டா போதும்" என்றார்.

மாமியைத் தனியாகக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டினேன். ஐரிஸின் ஓரத்தில் சின்னத் துளை போட்டால் பின்னால் தேங்கும் நீருக்கு வழி கிடைக்கும், மூலை இனி மூடாது என்றேன். அவர் படங்களைத் தொடவில்லை.

"அப்போ அது பெருமாள் இல்லையா?"

"வளையம் உங்க கண்ணுல நீர் தேங்கறதால வர்றது மாமி. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றேன்.

"வைகுண்ட ஏகாதசி முடியட்டும்" என்று எழுந்தார். அதுவரை சொட்டு மருந்தை விடாமல் போடச் சொன்னேன். தலையை ஆட்டினார். ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அவர் ஏறுவதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்தை அவர் போடப்போவதில்லை என்று எனக்குப் பட்டது. வாத்தியாரிடம் சொல்லலாம்தான். சொல்ல மாட்டேன் என்று கொடுத்த வாக்கு இருந்தது. மருந்தை மறக்காமல் போடவேண்டும் என்று மட்டும் வாத்தியாருக்கு ஆள் மூலம் இரண்டு தடவை சொல்லியனுப்பினேன்.

ஏகாதசியன்று ஊரே ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டது. வார்டு காலியாகக் கிடந்தது. பெரியவர் மதுரை போயிருந்தார். முற்பகலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. வாத்தியார் மாமியைத் தாங்கி இறக்கினார். பரமபத வாசல் திறப்பதற்கு வெகு முன்பே மாமி இருட்டில் கூட்டத்தோடு நின்றிருக்கிறார். விடியும் நேரத்தில் வாந்தி. பட்டினியால் வந்த மயக்கம் என்று யாரோ மண்டபத்தில் படுக்கவைத்து விசிறியிருக்கிறார்கள். இடது கண் சிவந்து, கார்னியா புகைபிடித்த சிம்னிபோல மங்கிக் கிடந்தது. விரலை வைத்தால் கல். டார்ச் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிந்தது அந்தக் கண்ணுக்கு.

சொட்டு மருந்தை மாற்றி மாற்றி விட்டோம். கண்மணி அசையவில்லை. அழுத்தத்துக்கான மாத்திரை வாந்தியில் போய்விட்டது. அவ்வளவு அழுத்தம் இருக்கிற கண்ணைத் திறந்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். திறக்காமல் சாயங்காலம்வரை விட்டால் நரம்பு பிழைக்காது. ஒரே வழிதான் இருந்தது. கிளிசரினை எலுமிச்சம் சாற்றில் கலந்து குடிக்கக் கொடுப்பது அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. உடம்பு கண்ணிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். அழுத்தம் இறங்கும். ஆக்னஸ் சிஸ்டர் வாந்திக்கு ஊசி போட்டுவிட்டு, அளந்து, ஐஸ் போட்டுக் கலக்கி டம்ளரைக் கொண்டுவந்தார்.

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏகாதசி. பச்சைத் தண்ணி பல்லுல படாது."

"மாமி, நாங்களும் தவக்காலத்துல ஒருசந்தி விரதம் இருக்கோம். உடம்புக்கு முடியாதவங்களுக்கு ஒருசந்தி இல்லைன்னு எங்க சாமியார் சொல்லுவார். உங்க பெருமாள் எங்க சாமியாரைவிடக் கறாரா?" என்றார் சிஸ்டர்.

அந்த வலியிலும் மாமியின் உதடு லேசாகக் கோணியது. பிறகு, கண்களைத் திறக்காமலே நான் நிற்கிற பக்கமாகக் கையை நீட்டித் துழாவினார்.

"டாக்டர், இதைக் குடிச்சா, அது திரும்ப வருமா?"

ஆக்னஸ் சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், வரும் என்று சொல்லிவிடுங்கள் என்பதுபோல. ஒரு சொல்தான். டம்ளர் காலியாகிவிடும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இந்த டம்ளரோடு முடிகிற காரியமில்லை இது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இவரை மேஜையில் படுக்கவைத்து, கண்ணில் ஊசி போட்டு, அசையாதீர்கள் என்று சொல்லப்போகிறேன். அடுத்த கண்ணுக்கும் கூப்பிடப்போகிறேன். முதல் சொல் பொய்யாக இருந்தால் மற்றதையெல்லாம் எதை நம்பிக் கேட்பார்?

"வராது மாமி. ஆபரேஷன் ஆயிட்டா இனிமே வரவே வராது. விளக்கு வெறும் விளக்காத்தான் தெரியும். இதைக் குடிக்கலைன்னா விளக்கும் தெரியாது."

"எது வராதுங்கறேள் டாக்டர்?" என்று வாத்தியார் கேட்டார். நான் மாமியைப் பார்த்தேன். மாமியே சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு, திக்கித் திக்கி. நெய்விளக்கு, வளையம், இரண்டு வருஷம்.

"எனக்குச் சொல்லியிருக்கப்படாதா கோமளா?"

"சொன்னா போயிடுமோன்னு."

முந்தின நாளிலிருந்து வாத்தியாரும் ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு ஏகாதசிகூடத் தவறாதவர் என்று ஸ்ரீரங்கத்தில் பெயர் எடுத்தவர். சிஸ்டரின் பக்கம் திரும்பினார்.

"அந்த மருந்தில அளவு குறையப்படாது. அதை நான் தொடலை. கலந்தது போக மிச்சம் எலுமிச்சம் ரசம் இருக்கோல்லியோ? அதை எனக்கு ஒரு டம்ளர்ல குடும்மா."

சிஸ்டர் கொடுத்தார். வாத்தியார் நின்றபடியே அதை ஒரே மூச்சில் குடித்தார்.

"நான் முறிச்சாச்சு. பாபம் வந்தா ஆளுக்குப் பாதி. இப்போ நீ குடி."

மாமி எழுந்து உட்கார்ந்து வாங்கிக் குடித்தார். கிளிசரினின் திகட்டலில் முகம் சுளித்தது. ஆனால் வெளியே வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதியத்துக்குள் கண் இளகியது. கார்னியா தெளியத் தெளிய லென்ஸை வைத்துப் பார்த்தேன். இருட்டில் எடுத்த அந்தப் படத்தில் இருந்தது அப்படியே இருந்தது, சாத்திய கதவு. பெரியவருக்குத் தந்தி கொடுத்து அவர் வரக் காத்திருக்கலாம். மருந்தின் பலன் அதுவரை நிற்காது. பார்க்காததை அவர் வெட்டச் சொல்லமாட்டார், நான் பார்த்துவிட்டேன். தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னேன். தனியாக, எனக்கு மேலே யாரும் இல்லாமல், ஒரு கண்ணைத் திறந்தது அன்றுதான். ஐரிஸின் ஓரத்தில் சிறு துண்டை எடுத்ததும், முன்னால் தள்ளிக்கொண்டிருந்த திரை மெதுவாகப் பின்வாங்கியது. இதைச் செய்தவர்களுக்கு அந்தக் கணம் தெரியும். மற்றவர்களுக்கு ஒருநாள் தெரியும்.

அந்தக் கண்ணில் பழைய பார்வை முழுதும் வரவில்லை. பஸ்ஸின் பலகையைப் படிக்கிற அளவு வந்தது. திரும்பிவந்த பெரியவர் கண்ணையும் பார்த்தார், படத்தையும் பார்த்தார். "இன்னொரு கண்ணு எப்போ?" என்று மட்டும் கேட்டார். வலது கண்ணுக்கு மாமி தானாகவே வந்து படுத்தார்.

அதற்குப் பிறகு சில மாதம் ஆளைக் காணோம். கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு திங்கட்கிழமை, நாலைந்து பெண்களோடு வராந்தாவில் வந்து நின்றார்.

"சாயங்காலம் சேவிக்க வரவா எல்லாரையும் கேட்டேன், விளக்கைச் சுத்தி ஏதாவது தெரியறதான்னு. இவாளுக்கெல்லாம் ஏதோ தெரியறதாம். பாருங்கோ."

பெரும்பாலானவர்களுக்கு வெறும் கண்புரைதான். ஆனால் ரங்கநாயகி என்று பூக்கட்டுகிற ஒருத்தி, வளையம் எப்படியிருக்கும் என்று கேட்டதும் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் எதுவும் சொல்வதற்கு முன் மாமி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் இருந்துதுடி. போயிடுத்து. கொஞ்ச நாள் கஷ்டமாத்தான் இருக்கும்."

அவளை இருட்டறையில் உட்காரவைக்க வேண்டும். அங்கே ஒரு சிக்கல்: நோயாளி தூங்கிவிடக் கூடாது. தூங்கினால் கண்மணி சுருங்கிச் சோதனை வீணாகிவிடும். ஆக்னஸ் சிஸ்டருக்கோ வார்டில் தலைக்கு மேல் வேலை. யாரை விடுவது என்று நான் யோசிக்கும்போதே மாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"நான் உட்கார்ந்துக்கறேன். பேசிண்டிருக்கணும், அவ்வளவுதானே?"

அதன் பிறகு எத்தனையோ வருஷம், இருட்டுச் சோதனை நடக்கிற எங்கள் திங்கட்கிழமைகளில் அந்த அறை அவர் பொறுப்பு. அன்று முதல் நாள். கறுப்புத் துணிக்கு வெளியே நானும், ஃபிளாஷைத் தயாராகப் பிடித்தபடி காதர் பாயும் நின்றோம். உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது.

"அப்புறம் என்ன ஆச்சுன்னா, இந்த மனுஷர், ஆசாரம் ஆசாரம்னு என் உயிரை எடுக்கற மனுஷர், எலுமிச்சம் ரசத்தை மடக்குனு குடிச்சுட்டார்டி."

ரங்கநாயகி சிரித்தாள். மாமியும் சேர்ந்துகொண்டார். நேரம் ஆகிவிட்டதே என்று நான் துணியை விலக்கக் கை வைத்தேன்.

காதர் பாய் தடுத்தார்.

"சிரிச்சா படம் ஆடிடும் டாக்டரம்மா. முடியட்டும்" என்றார்.

நாங்கள் நின்றோம்.